போர்ஷே பாக்ஸ்டர் 986 கார் சாஃப்ட் டாப் (துணிக்கூரை) பாதில நிக்குது, மூடி ஒரு பக்கம் மட்டும் தூக்குது

வெள்ளிபாக்ஸ்டர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன், போன வருஷம் ஒரு பழைய பாக்ஸ்டர் 986 வாங்கினேன், 2001 மாடல், 2.7 லிட்டர், மேனுவல் கியர், பின் ஜன்னல் பிளாஸ்டிக் தான், கண்ணாடி ஜன்னல் 2003 மாடல்லேர்ந்துதானே வந்துச்சு. இஞ்சின் அருமையா இருக்கு, வளைவுல திருப்பும்போது அந்த பேலன்ஸ் வேற எந்த வண்டிலயும் நான் பாத்ததில்ல. பிரச்சனை கூரைல. குளிர்காலம் முழுக்க மூடியே கிடந்துச்சு, இப்ப ஏப்ரல்ல கொஞ்சம் வெயில் அடிக்குதேன்னு ஹேண்ட்பிரேக் போட்டு, கண்ணாடிக்கு மேல இருக்க லாக் கைப்பிடிய திருப்பி, சுவிட்ச அமுக்கினா ரெண்டு ஜன்னலும் ஒழுங்கா கொஞ்சம் இறங்குது, பின்னாடி, மடிச்ச கூரைய உள்ள வச்சு மூடற மூடியும் தூக்க ஆரம்பிக்குது, ஆனா வலது பக்கம் முன்னாடி போயிடுது, இடது பக்கம் பின்தங்கி கோணலா நிக்குது, கரகரன்னு ஒரு சத்தம் வேற. உடனே கைய எடுத்துட்டேன். பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா மொத்த ஃப்ரேமும் மாத்தணும்ங்கறாங்க, அவங்க சொல்ற தொகைய கேட்டா வண்டிய வித்துடலாமான்னு தோணுது. ஆனா விக்க மனசே வரல. உண்மையிலயே ஃப்ரேம் மாத்தணுமா, இல்ல வீட்லயே ஏதாவது பண்ண முடியுமா? யாராவது இத கழட்டி பாத்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

ரெஞ்சும்கையும் எழுதியது:

கைய எடுத்தீங்க பாருங்க, அதுதான் சரி. இனிமே அந்த சுவிட்ச தொடாதீங்க ப்ரோ, சரியாயிடுமோன்னு திரும்ப திரும்ப அமுக்கித்தான் நிறைய பேர் சின்ன செலவ பெரிய செலவாக்கிக்கறாங்க.

ஒரு நல்ல விஷயம் என்னன்னா உங்களுது கரண்ட் பிரச்சனை கிடையாது. ஜன்னல் இறங்குதுன்னா லாக்குக்குள்ள இருக்க மைக்ரோ சுவிட்ச் வேலை செய்யுது, மூடி அசையுதுன்னா ஹேண்ட்பிரேக் சுவிட்ச், ரிலே, மோட்டார் எல்லாம் உயிரோட இருக்கு. ஒண்ணுமே அசையாம இருந்தாதான் அந்த வரிசைல ஒவ்வொண்ணா பாக்கணும். அதனால மெக்கானிக்கல் பக்கம் தான் தேடணும். நெக்கார்க்கரை அண்ணன் இந்த ஃபோரம்ல இருக்காரு, அவர் இந்த வண்டிய நல்லா தெரிஞ்சவரு, வந்து சொல்லுவாரு.

நெக்கார்க்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. ஃப்ரேம் மாத்தத் தேவையில்லை எண்டுதான் நீங்கள் சொல்லுறத வச்சு நான் நினைக்கிறன். முதல்ல இது எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, பிறகு எங்க பாக்கோணும் எண்டு உங்களுக்கே தெரியும்.

சீற்றுகளுக்குப் பின்னால, கார்ப்பெட்டுக்குக் கீழ, நடுவில ஒரே ஒரு மோட்டர்தான் இருக்கு. அதில இருந்து இடமும் வலமும் ரெண்டு கேபிள் போகுது, பழைய கார்களில ஸ்பீடோமீற்றருக்குப் போற கேபிள் மாதிரி, உள்ளுக்க சுத்துற கம்பி. அந்தக் கேபிள் ரெண்டு பக்கமும் இருக்கிற கியர்பெட்டியைச் சுத்தும், கியர்பெட்டி ஒரு லீவரை அசைக்கும், அதில இருந்து ஒரு தடி மூடிக்குப் போகுது, இன்னொரு தடி துணிக்கூரையின்ர ஃப்ரேமுக்குப் போகுது. தடியின்ர முனையில பிளாஸ்ரிக்கால செய்த ஒரு கிண்ணம், அது இரும்புக் குண்டில அமத்திப் பூட்டினது. இருவது வருசத்துக்கு மேல வெயிலும் குளிரும் பட்ட பிளாஸ்ரிக் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, வெடிச்சுப் போகும், குண்டில இருந்து கழண்டு போகும். கழண்டா அந்தப் பக்கம் மூடி எழும்பாது, மற்றப் பக்கம் எழும்பும். உங்கட கார் அதைத்தான் செய்யுது.

என்னைக் கேட்டால் அந்தக் கிண்ணம் உடையிறது நல்லது. அது உடையாமல் இறுகிப் பிடிச்சிருந்தால் லீவர் வளையும், இல்லாட்டி கியர்பெட்டியின்ர பல்லுப் போகும், அதுதான் உண்மையான செலவு.

அதனால இடது பக்கம் மூடியின்ர தடியின்ர ரெண்டு முனையையும் ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. கிண்ணம் வெடிச்சிருந்தால் புதுசு வாங்கிப் போடலாம், கடையில ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு கூட வராது, இரும்புக் கிண்ணமும் விக்கிறாங்கள், ஆனால் நான் பிளாஸ்ரிக்தான் போடுவன், காரணம் மேல சொல்லிட்டன். மாத்தேக்க ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்கோ.

கிண்ணம் நல்லா இருந்தால் அடுத்தது கேபிள். மோட்டர்ப் பக்கமோ கியர்பெட்டிப் பக்கமோ கேபிள் முனை வெளிய வந்திருக்கா எண்டு பாருங்கோ. கரகரச் சத்தம் எண்டு சொன்னீங்கள், கேபிள் முனை தேய்ஞ்சு வழுக்கினாலும் அந்தச் சத்தம் வரும். அப்பிடி வழுக்கினால் ரெண்டு கியர்பெட்டியும் ஒரே இடத்தில நிக்காது, திரும்ப ஒண்டாக்கோணும். பின்தங்கின பக்கத்துக் கேபிளை மோட்டரில இருந்து கழட்டி, முனையை பற்றறி ட்ரில்லில பூட்டி, ஆகக் குறைஞ்ச வேகத்தில கொஞ்சம் கொஞ்சமாச் சுத்துங்கோ, ஒவ்வொரு முறையும் எழும்பி மற்றப் பக்கத்து லீவரோட ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒராள் ட்ரில், ஒராள் லீவர் எண்டு ரெண்டு பேர் நிண்டால் நல்லது. அவசரப்பட வேண்டாம், இதில பொறுமைதான் வேலை.

இடையில மழை வந்தால் பயப்படாதேங்கோ. பெரிய தட்டை ஸ்க்ரூட்ரைவரால மூடித்தடியை ரெண்டு பக்கமும் குண்டில இருந்து நெம்பி எடுத்திட்டால் மூடியைக் கையாலயே இறக்கலாம். ஒரு பக்கம் மட்டும் எடுத்துப்போட்டு அமத்த வேண்டாம்.

வெள்ளிபாக்ஸ்டர் எழுதியது:

அண்ணா ரொம்ப நன்றி, இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. டார்ச் அடிச்சு பாத்தேன், இடது பக்கம் கீழ் முனைல இருக்க கிண்ணம் நடுவுல வெடிச்சு பாதி காணோம். லீவர் வளையல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நிக்குது, கேபிளும் இடத்துல இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் கிண்ணம் ஆர்டர் போட்டுட்டேன். அது வர்றதுக்குள்ள வேற ஏதாவது பாத்து வைக்கணுமா? ஏன்னா போன இலையுதிர் காலத்துல மூடும்போதே கூரை கொஞ்சம் இழுத்து இழுத்து தான் வந்துச்சு, துணி ஒரு பக்கம் கம்பிக்குள்ள சிக்கின மாதிரி கூட இருந்துச்சு.

துணிக்கூரை எழுதியது:

துணி சிக்குதுன்னு சொன்னீங்களே, அத விட்டுடாதீங்க, கிண்ணம் மட்டும் மாத்தினா திரும்ப உடையும், ஏன்னா எங்கயோ இறுக்கம் இருக்கறதாலதான் கிண்ணத்துக்கு பாரம் ஏறுது.

கூரை மடங்கும்போது ரெண்டு பக்கத்துலயும் துணிய உள்பக்கமா இழுக்கறதுக்கு எலாஸ்டிக் பட்டை தச்சிருப்பாங்க. வருஷக்கணக்கா இழுபட்டு அது தொளதொளன்னு ஆயிடும், அப்புறம் துணி உள்ள போகாம வெளிய தொங்கி ஃப்ரேம் மூட்டுக்குள்ள மாட்டும், அந்த இடத்துல தேய்ஞ்சு ஓட்டையும் விழும். கையால இழுத்துப் பாருங்க, சட்டுன்னு திரும்பி வரலன்னா புது எலாஸ்டிக் தச்சுடுங்க, தையல் தெரிஞ்ச யாரும் செய்யலாம். என் வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, அதுல கூரைய கையாலதான் மடக்கணும், அதனால எங்க இறுகுதுன்னு கையே சொல்லிடும், உங்களுதுல மோட்டார் இழுக்கறதால எதுவும் உடையற வரைக்கும் வெளிய தெரியாது.

அடுத்து எண்ணெய். எல்லா மூட்டுலயும் டபிள்யூடி-40 அடிச்சு விடறது வேணாம், அது துருவ இளக்க, ஈரத்த விரட்ட நல்லது, ஆனா உயவா ரொம்ப நாள் நிக்காது. முதல்ல பழைய அழுக்கு கிரீஸ துணியால துடைச்சு எடுங்க. துணிக்கு பக்கத்துல இருக்க மூட்டுக்கு டிரையா நிக்கற டெஃப்லான் ஸ்பிரே, கறை படாது. குண்டுக்கும் கிண்ணத்துக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமா. ரப்பர் சீலுக்கு சிலிக்கான், இல்லன்னா ரப்பருக்குன்னே விக்கற க்ரீம், பெட்ரோலியம் கலந்தது எதுவும் வேணாம், ரப்பர் ஊதிப்போயிடும். குளிர்காலம் முழுக்க மூடியே இருந்தா சீல் கண்ணாடி ஃப்ரேமோட ஒட்டிக்கும், அதுவும் கூரை கிளம்பும்போது ஒரு இழுப்பு தான்.

இன்னொண்ணு, உங்களுது பிளாஸ்டிக் ஜன்னல். குளிர்ல மடக்கவே மடக்காதீங்க, வெடிச்சுடும். வெயில்ல கொஞ்ச நேரம் நிறுத்தி பிளாஸ்டிக் இளகினப்புறம் பாதி வரைக்கும் திறந்து நிறுத்திட்டு, இறங்கிப் போய் ஜன்னல் நடுவுல கைய வச்சு மெதுவா உள்பக்கமா மடிச்சு விட்டு, அப்புறம் மீதிய திறங்க. 986 வச்சிருக்க எல்லாரும் பண்றதுதான் இது, இல்லன்னா தாறுமாறா மடிஞ்சு ஒரே இடத்துல கோடு விழுந்து அங்கயே கிழியும்.

ரெஞ்சும்கையும் எழுதியது:

இதோட ஒண்ணு சேத்துக்கறேன், கூரைய ஓட்டும்போது இஞ்சின் ஓடட்டும். பேட்டரி வீக்கா இருந்தா மோட்டார் முனகி முனகி இழுக்கும், அத கேட்டு நீங்க மெக்கானிக்கல் இறுக்கம்னு நினைச்சுப்பீங்க.

வெள்ளிபாக்ஸ்டர் எழுதியது:

அப்டேட்! கிண்ணம் வந்துச்சு, ரெண்டு பக்கமும் மாத்திட்டேன், அமுக்கும்போது டக்குன்னு ஒரு சத்தத்தோட உக்காந்துச்சு. எலாஸ்டிக் ரெண்டும் செத்துத்தான் போயிருந்துச்சு, என் மனைவி புதுசு தச்சு குடுத்தாங்க. இப்ப மூடி நேரா தூக்குது, கூரை நிக்காம போகுது, கரகர சத்தம் சுத்தமா இல்ல. ஃப்ரேம் மாத்தணும்னு சொன்னதுக்கு இப்ப எவ்ளோ மிச்சம்! எல்லாருக்கும் மனசார நன்றி, நெக்கார்க்கரை அண்ணாவுக்கு ஸ்பெஷலா.

ஒரே ஒரு கேள்வி, மூடி தூக்கி இருக்கும்போது பாத்தா ரெண்டு ஓரத்துலயும் காஞ்ச இலை, மண்ணு எல்லாம் அடைஞ்சு கிடக்கு. அது பிரச்சனையா?

நெக்கார்க்கரை எழுதியது:

சந்தோசம் தம்பி. ஓம், அதை இண்டைக்கே துப்புரவாக்குங்கோ. அந்த ரெண்டு ஓரத்திலயும் தண்ணி போற ஓட்டை இருக்கு, கூரையில இருந்து வழியிற மழைத்தண்ணி அதாலதான் கீழ போகோணும், அடைச்சால் தண்ணி கார்ப்பெட்டுக்கை வரும். இந்தக் காரில இம்மொபிலைசரும் (களவெடுக்காமல் ஸ்ராட்டைத் தடுக்கிறது) சென்றல் லொக்கும் பாக்கிற கன்ட்ரோல் பெட்டி சீற்றுக்குக் கீழதான் இருக்கு, அது நனைஞ்சால் கார் ஸ்ராட்டே ஆகாது, கூரையை விடப் பெரிய செலவு. இலையைக் கையால அள்ளிப்போட்டு, புல்லு வெட்டுற மெசினுக்குப் போடுற நைலோன் கயிறு இருக்கெல்லோ, அதை மெதுவா உள்ளுக்க விட்டு ஆட்டி எடுங்கோ. காத்து அடிக்க வேண்டாம், கீழ பூட்டியிருக்கிற ரியூப் கழண்டு போகும். பிறகு ஒரு போத்தல் தண்ணி ஊத்தி, காருக்குக் கீழ ரெண்டு பக்கமும் வழியுதா எண்டு பாருங்கோ.