லண்டன் – நியூயார்க்: போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன?

கேள்வி:
வணக்கம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆக வேண்டும். ஆனால் கால அட்டவணையில் நியூயார்க் செல்ல ஏறத்தாழ எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏறத்தாழ ஏழு மணி நேரமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பூமியின் சுழற்சிதான் காரணமா? அப்படியானால், பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் கிழக்கே செல்லும் விமானத்துக்கல்லவா தாமதமாக வேண்டும்?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானது. பூமியோடு சேர்ந்து அதன் வளிமண்டலமும் சுழல்வதால், விமானத்தின் அடியில் தரை நகர்ந்து போய்விடுவதில்லை. உண்மையான காரணம், ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம். (அக்காற்று கிழக்கு நோக்கித் திரும்புவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு என்ற அளவில் நீங்கள் நினைத்தது முற்றிலும் தவறன்று.)

காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: எதிர்க்காற்றில் தரையைச் சார்ந்த வேகம் 800 ஆகக் குறைந்து 6 மணி 55 நிமிடம் ஆகும், பின்காற்றில் அதே வேகம் 1,000 ஆக உயர்ந்து 5 மணி 32 நிமிடத்தில் தூரம் கடந்துவிடும். 2020 பிப்ரவரியில் புயலையொட்டி வீசிய கடுங்காற்றின் உதவியால், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னது பறக்கும் நேரம் மட்டுமே. அட்டவணையில் உள்ள நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் நிற்கும் கணம் வரை எண்ணப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், தரையிறங்க அனுமதி கிடைக்கும் வரை வானில் வட்டமிடுவதும் அதில் அடங்கும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் பறப்பதில்லை என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் 900 என்ற கணக்கு பொருந்தாது.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 5,540 என்பது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம். விமானம் அதையே பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை. வட அட்லாண்டிக்கின் மேலுள்ள வான்தடங்கள் காற்றின் போக்கைப் பார்த்து நாள்தோறும் வகுக்கப்படுவதால், நீளமான தடமே சில நாள்களில் விரைவானதாக அமைகிறது. அரசியலும் வழியை மாற்றும்: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரமாக நீண்டது.

கேட்டவர்:
மிக்க நன்றி. பயணச்சீட்டில் உள்ள நேரங்களை நேரடியாகக் கழித்தால் மேற்கு நோக்கிய பயணம் மூன்று மணி நேரம் என்றே வருகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 2:
சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஆண்டின் பெரும்பகுதியில் ஐந்து மணி நேர வித்தியாசம் உண்டு. கோடைக்கால நேர மாற்றம் இரு நாடுகளிலும் வெவ்வேறு நாள்களில் நிகழ்வதால், மார்ச்சில் சில வாரங்களும் அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் அது நான்காகக் குறையும்.