ஜெர்மன் மதினிக்குப் பூச்சடை நிற்குமா?

பாளையங்கோட்டைக்காரி:
வணக்கம். ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம், திருநெல்வேலி டவுனில். பெண் ஜெர்மனிக்காரி. இப்போதே மதினி என்றுதான் கூப்பிடுகிறேன். அலங்கார ஒத்திகைக்கு இங்கே ஒரு பார்லருக்குக் கூட்டிப் போனேன். முடியைச் சுருட்டி விரித்துவிட்டால் போதும் என்று நினைத்து வந்திருந்தார். பார்லர் அக்கா, "தலையை விரிச்சுப் போட்டு மணமேடையில உக்காரக் கூடாதும்மா" என்றார். தலைவிரி கோலம் இங்கே துக்க வீட்டுக்கு உரியது என்று சொல்லிப் புரியவைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கிவிட்டார். நடுவகிடு ஏன், வகிட்டுக்கு ஒரு பக்கம் சூரியப்பிரபையும் மறுபக்கம் சந்திரப்பிரபையும் ஏன், ராக்கொடி எங்கே நிற்கும் என்று. அவர் ஊரில் மணப்பெண் தலையில் மிர்ட்டில் கிளையால் கட்டிய வளையம் வைப்பது பழைய வழக்கமாம். அதனால் தலையில் பூ வைப்பது அவருக்குப் புதிது இல்லை. இடுப்புக்குக் கீழே வரை பூவைத் தைத்துத் தொங்கவிடுவதுதான் புதிது. படத்தைப் பார்த்ததும் முழுப் பூச்சடைதான் வேண்டும் என்கிறார்.

ஆனால் முடி தோள் வரைதான். பழுப்பு நிறம், நூல் மாதிரி மெலிசு. சவுரி வைத்துப் பின்னினால், எழுந்து நின்றதுமே நழுவுகிறது. என்ன செய்யலாம்?

இன்னொன்று. பார்லர் வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்து பிச்சி கட்டிக்கொண்டிருந்தார். மதினி தன் பூவில் கொஞ்சம் கிள்ளி நீட்டினார். "எனக்கு வேண்டாம் தாயி" என்று சிரித்தபடி சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்று வெளியே வந்த பிறகு சொன்னேன். "இத்தனை பேருக்கு அவங்கதானே கட்டித் தர்றாங்க?" என்று கேட்டார் மதினி. நான் மனசார நம்பிச் சொல்ல ஒரு பதிலும் என்னிடம் இல்லை. கல்யாணத்தன்றைக்கு அந்த அக்காவும் வருவார். அவருக்குப் பூ கொடுக்கலாமா?

தென்காசி சடை அலங்காரம்:
மெலிசு முடிக்கு எண்ணெய் வைக்கவே கூடாது. முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடட்டும், கண்டிஷனர் வேண்டாம். பின்னந்தலையில் முடியைத் தலையோடு ஒட்டிச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டு, அதன் மேல் யூ பின்னைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்துங்கள். சவுரிக் கயிற்றை அந்தப் பின்னலில் கட்ட வேண்டும். பின்னாத வெறும் முடியில் கட்டினால் நிற்காது. மூன்று பிரிச் சவுரி வாங்குங்கள், ஒவ்வொரு பிரியோடும் அவர் முடியைக் கொஞ்சம் சேர்த்துப் பின்னலாம். பழுப்புச் சவுரி தேடி அலைய வேண்டாம். பிடரியிலிருந்து குஞ்சலம் வரை பூவே மூடிவிடும். ஈரப் பூ கனக்கும், அதனால் பின்பக்கம் முழுக்க மல்லிகை மொட்டு, ஓரத்துக்குக் கனகாம்பரம் என்று ஒரே அடுக்காக வையுங்கள்.

அம்பை ஆச்சி:
ஏட்டி, இப்ப எல்லாரும் அட்டையில தைக்கிறாங்க. நாங்க வாழை மட்டையில்தான் தைப்போம். மொட்டை ஈர்க்குச்சியில் கோர்த்து மட்டையில் பதித்து ஊசி நூலால் தைத்தால் பூ வாடாமல் ஈரம் காக்கும். மரிக்கொழுந்தை விட்டுவிடாதே, கனகாம்பரத்துக்கு மணமே கிடையாது. எனக்கு 12 வயதில் கோடை லீவில் அம்மா பூ தைத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனாள். முதுகுப் பக்கம் கண்ணாடி வைத்துத்தான் எடுப்பான், முகமும் சடையும் ஒரே படத்தில் விழும். அந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு படம் எடுத்துக் கொடு. அவள் அம்மைக்கு அனுப்பட்டும்.

வீரவநல்லூர் மகள்:
இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அப்பா போன பிறகு அம்மா பூவைத் தொடவே இல்லை. ஒரு வளைகாப்பில் சித்தி எல்லோர் முன்னாலும் பூவை நீட்டினார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ரொம்ப நாள் கழித்து வீட்டில் தலைவாரிவிடும்போது மெதுவாகக் கேட்டேன். "பிச்சி மட்டும் கொஞ்சம் வை" என்றார். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் வைக்கிறார். சிறுவயதிலிருந்து வைத்த பூவைப் புருஷன் போனதற்காகப் பிடுங்கிக்கொள்வது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் சபையில் நீட்டாதீர்கள். நாலு பேர் பார்க்கும்போது வாங்குவதும் கஷ்டம், மறுப்பதும் கஷ்டம். முந்தின நாள் பூ கோர்க்கும்போது உங்கள் மதினி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் தாம்பூலம் மற்றப் பெண்களுக்குக் கொடுப்பது போலவே அவருக்கும் கொடுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:
எல்லாவற்றையும் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். முந்தின நாள் அந்த அக்காவோடு சேர்ந்து உட்கார்ந்து ஈர்க்கில் கோர்க்கத் தானும் பழக வேண்டும் என்கிறார். ஆச்சி, கண்ணாடி வைத்து எடுக்கப் படக்காரரிடம் இன்றே சொல்லிவிட்டேன். ஆவணி முகூர்த்தத்தில் விலை ஏறும் என்பதால் பூவுக்கு இப்போதே சொல்லி வைக்கப் போகிறோம். மொட்டு சங்கரன்கோவில் மார்க்கெட்டில் எடுப்பதா, தோவாளையில் எடுப்பதா? தென்காசி அக்கா, ஒரு சடைக்கு எத்தனை கிலோ பிடிக்கும்?

தென்காசி சடை அலங்காரம்:
உங்களுக்குச் சங்கரன்கோவில் மல்லியே போதும். பிச்சி வேண்டுமானால் தோவாளை. சடை நீளத்தை அளந்து அனுப்புங்கள், கணக்குச் சொல்கிறேன். மொட்டு விரியாததாகப் பார்த்து எடுங்கள்.