மூக்கு வெளியே, மூக்கு உள்ளே

குழு: தூத்துக்குடி வீடு

அருள்: (படம்) கப்பல் இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்கிறது. பழைய சாமான் சந்தையில் 8 யூரோவுக்குக் கிடைத்தது. என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

செல்வி சித்தி: வெல்டிங் கண்ணாடியா?

அம்மா: எதற்குடா இந்தக் குப்பை? பரணில் ஏற்கனவே இடமில்லை.

ஜெபா அத்தான்: கடலுக்குள் போடுகிற மாஸ்க். மூக்குக்கு மட்டும் தனிப் பை துருத்திக்கொண்டு நிற்கிறதே, கதையில் வரும் நீள மூக்குப் பொம்மையின் பெயர் வைத்த பினோக்கியோ மாஸ்க்கா?

அருள்: அதேதான் அத்தான். முக்குளிப்புச் சாமான் செய்யும் கிரெஸ்ஸி என்ற இத்தாலியக் கம்பெனியுடையது. 1950-களின் தொடக்கத்தில் லூயிஜி ஃபெர்ராரோ வடிவமைத்தது. அவர் போர்க்காலத்தில் இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்பு வீரர். 1943-இல் துருக்கித் துறைமுகங்களில் நின்ற கப்பல்களுக்கு அடியில் நீந்திப் போய்க் குண்டு கட்டியவர்.

தாத்தா: (குரல் பதிவு 0:52)

அம்மா: சத்தம் சரியில்லை. அப்பா சொன்னதை அப்படியே தட்டுகிறேன். "நாங்கள் பாரில் (சிப்பி இருக்கும் கடலடித் திட்டில்) முத்துக்குளித்தபோது கண்ணாடி எல்லாம் கிடையாது. கல்லில் காலை வைத்து இறங்குவோம். அடியில் எல்லாம் மங்கல், சிப்பியைத் தடவித்தான் எடுப்போம். 1961-ஓடு அது நின்றது, சங்குக்குப் போனேன். அங்கே ஒருத்தன் இரட்டைக் கண் கண்ணாடி கொண்டு வந்தான். ஆறு பாகம் (11 மீட்டர் இருக்கும்) இறங்கினேன், கண்ணைப் பிடுங்குவது போல இருந்தது. மேலே வந்தால் வெள்ளை முழி முழுக்க ரத்தம்."

செல்வி சித்தி: ஐயோ!

ஜெபா அத்தான்: மூக்கு வெளியே இருந்ததுதான் காரணம் சித்தி. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று சுருங்கும், ஈடுகட்ட வேறு காற்று வராது. கண்ணைத்தான் இழுக்கும்.

அருள்: ஜப்பானின் ஒகினாவா தீவில் இத்தோமான் ஊர் மீனவர்கள் 1884-இலேயே மரத்தைக் குடைந்து ஒன்று செய்தார்கள், பெயர் மீக்காகன். அவரவர் முகத்துக்குத் தக்கபடி செதுக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் புகுந்துவிடும். அதிலும் மூக்கு வெளியேதான். ஜப்பானில் மூச்சடக்கி முக்குளிக்கும் ‘ஆமா’ என்ற பெண்கள் போட்ட சில கண்ணாடிகளில் பக்கத்தில் ரப்பர் பந்து இருக்கும். ஆழம் போகப் போகப் பந்து நசுங்கி, அதன் காற்று கண்ணாடிக்குள் போகும்.

அம்மா: கெட்டிக்காரப் பெண்கள்.

ஜெபா அத்தான்: 1936-இல் பிரான்சின் துலோன் பக்கத்தில், பின்னாளில் கடலடிப் படங்களால் பெயர் பெற்ற கூஸ்தோ தண்ணீருக்கு அடியில் பார்த்து மயங்கியதும் மூக்கு வெளியே நிற்கும் கண்ணாடியில்தான். 1938-இல் மாக்சிம் ஃபோர்ழோ என்கிற பிரெஞ்சுக்காரர் கண்ணையும் மூக்கையும் ஒரே கண்ணாடிக்குள் அடக்கிக் காப்புரிமை கேட்டார். மூக்கால் லேசாகக் காற்று விட்டால் இறுக்கம் போய்விடும்.

செல்வி சித்தி: அப்புறம் எதற்குத் தனிப் பை?

அருள்: காதுக்கு. விமானம் இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவீர்களே, அது. கண்ணாடிக்குள் போன மூக்கை எப்படிப் பிடிப்பது? வெளியிலிருந்து இரண்டு விரலால் பிடிக்கும்படி ரப்பரிலேயே ஒரு மூக்கு வைத்துவிட்டார் ஃபெர்ராரோ.

அம்மா: ஒரு மூக்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

செல்வி சித்தி: நிலா கேட்கிறாள். நீளமாக ஒரு குழாய் வைத்தால் அடியிலேயே உட்கார்ந்திருக்கலாமே அண்ணா?

ஜெபா அத்தான்: முடியாது பாப்பா. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அமுக்கும், மேலே இருக்கும் காற்றை இழுக்க நமக்குத் தெம்பு போதாது. விட்ட மூச்சும் குழாய்க்குள்ளேயே நின்று திரும்ப வரும். குழாய் யோசனை பழசுதான். யானையின் தும்பிக்கையை முக்குளிப்பவரின் மூச்சுக் கருவியோடு அரிஸ்டாட்டிலே ஒப்பிட்டிருக்கிறார். இந்த மூச்சுக் குழாய்க்கு ஸ்நார்கல் என்ற பெயர்தான் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் காற்றுக் குழாயிலிருந்து வந்தது.

அருள்: சந்தையில் மாஸ்க்கோடு சேர்ந்த குழாயும் கிடந்தது. உச்சியில் சின்னக் கூண்டு, உள்ளே பிங்பாங் பந்து. தலை மூழ்கினால் பந்து மிதந்து குழாயை அடைத்துவிடுமாம்.

ஜெபா அத்தான்: நல்லவேளை, வாங்கவில்லை. பந்து சிக்கினால் மூச்சு முட்டும். கையில் இருப்பதையும் போட்டுக்கொண்டு கடலில் இறங்காதே. ரப்பர் விளிம்பை மடித்துப் பார். கண்ணாடியில் டெம்பர்டு, அதாவது உடைந்தாலும் கூர்த் துண்டாகச் சிதறாத கண்ணாடி என்று எழுதியிருக்கிறதா?

அருள்: இல்லை அத்தான், சாதாரணக் கண்ணாடிதான் போலிருக்கிறது. விளிம்பு காய்ந்த அப்பளம் மாதிரி ஒடிகிறது. கையெல்லாம் கறுப்பு.

அம்மா: அப்பா கேட்கிறார், ஒரு தடவை போட்டுப் பார்க்கத் தருவாயா என்று.

அருள்: தாத்தாவுக்காகத்தான் வாங்கினேன் அம்மா.

அம்மா: சரி, பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டு வா. அவர் கட்டுவது வெள்ளை வேட்டி.