எல்கேஜி மகன் பென்சிலை உளி மாதிரி பிடிக்கிறான், எப்படி மாற்றுவது?

கேட்டவர்: கரூர் அம்மா

மகனுக்கு நான்கே கால் வயது. பென்சிலை ஐந்து விரலாலும் மூடிப் பிடிக்கிறான். ஒரு 'அ' எழுதி முடிப்பதற்குள் விரல் கணுவெல்லாம் வெளுத்துவிடுகிறது. தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து புடைத்துக்கொண்டு கையில் தட்டுப்படும், அவ்வளவு அழுத்தம். தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். முதல் பக்கத்திலேயே "கை வலிக்குதும்மா" என்று அழுகிறான். விரலைப் பிரித்துச் சரியாக வைத்துவிட்டால் இரண்டு கோடு வரைக்கும் நிற்கும், அப்புறம் பழையபடிதான். ரப்பர் கிரிப் வாங்கி மாட்டினேன். கடித்துத் துப்பிவிட்டான். என்ன செய்யலாம்?

பதில்: பால்வாடி டீச்சர்

தங்கச்சி, பிள்ளையைத் திட்டாதீர்கள். அவன் சொல்வது உண்மை, அந்தக் கை வலிக்கத்தான் செய்யும். பிறக்கும்போது மணிக்கட்டில் வெறும் குருத்தெலும்புதான் இருக்கும். அங்குள்ள எட்டு எலும்பும் ஒவ்வொன்றாக உருவாகி முடிய பத்து, பன்னிரண்டு வயதுகூட ஆகும். மூன்று விரல் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் படியும். வகுப்பு டீச்சரிடம் பேசி, இரண்டு பக்கத்தை நான்கு வரியாகக் குறைக்கச் சொல்லுங்கள். இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாசலில் கோலம் போடும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பொடியை எடுக்கக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் தானாகக் கூடும். பென்சிலுக்கும் அதே விரல்கள்தான். புள்ளி மட்டும் வைக்கட்டும், போதும். பச்சைப் பட்டாணி உரிப்பது, சோளம் உதிர்ப்பது, துணிக்கு கிளிப் மாட்டுவது எல்லாமே அந்த விரல்களுக்கு வேலைதான்.

இன்னொன்று, புதுப் பென்சிலை முழு நீளத்துக்குக் கொடுக்காதீர்கள். சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்ததைக் கொடுங்கள். மூடிப் பிடிக்க அதில் இடமே இருக்காது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். நான் கிரேயானைக்கூட ஒடித்துத்தான் கொடுப்பேன். சுவரில் கரும்பலகை இருந்தால் நின்றுகொண்டு சாக்பீஸால் கிறுக்கட்டும். மணிக்கட்டு பின்னால் வளைந்து பலப்படும். நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது, கீழே ஒரு மணை போடுங்கள்.

பதில்: இடதுகை அப்பா

எந்தக் கையால் எழுதுகிறான் என்று நீங்கள் சொல்லவில்லை. இடது கையாக இருந்தால் மாற்றிவிடாதீர்கள். என்னை மாற்றப் பார்த்து, மூன்றாம் வகுப்பு வரை நோட்டைத் தொடவே பயந்தேன். தாளை வலப்பக்கம் சாய்த்து வைத்து, பென்சிலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். எழுதியது கண்ணுக்குத் தெரியும், கையும் எழுத்தைத் தேய்க்காது.

பதில்: இரட்டைப் பிள்ளை அம்மா

என் மகள் நான்கு விரலால் பிடிப்பாள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (எழுதுவது, பட்டன் போடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) காட்டினேன். வலி இல்லாமல் விரல்கள் அசைந்து எழுதினால் அதுவும் நல்ல பிடிதான் என்றார். ஆறு வயதிலும் முஷ்டியாகவே பிடித்தாலோ, பட்டன் போடவும் சிரமப்பட்டாலோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கரூர் அம்மா (மூன்று வாரம் கழித்து)

வலது கைதான். டீச்சர் ஐந்து வரிக்கு ஒத்துக்கொண்டார். பென்சிலை மூன்றாக வெட்டிக் கொடுத்தேன், "குட்டிப் பென்சில்" என்று சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறான். பிடி இன்னும் முழுதாக மாறவில்லை, களைத்துப்போனால் மூடிக்கொள்கிறான். ஆனால் நேற்று தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அக்கா, கோலப்பொடிதான் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது!