18ஆம் தொகுதிக்கு "மந்த வாயு" பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

தனிம அட்டவணையின் 18ஆம் தொகுதிக்கு (ஆங்கிலத்தில் noble gases) எந்தத் தமிழ்க் கலைச்சொல்லைப் பதிவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஹீலியம் முதல் ரேடான் வரை உள்ள அந்தத் தனிமங்களுக்கு "மந்த வாயு" (வினைபுரியாத வாயு) என்ற பெயரே போதும், பிள்ளைகள் பல காலமாக அதைத்தானே படிக்கிறார்கள் என்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பழகிய சொல்லைக் காரணமில்லாமல் மாற்றக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் இங்கே இரண்டு வேறு பொருள்கள் ஒரே சொல்லுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

வெல்டிங் செய்யும் இடத்தில் உருகும் உலோகத்தின் மேல் காற்று படாமல் காக்க ஆர்கானைப் பாய்ச்சுகிறார்கள். தீப்பிடிக்கும் திரவம் இருக்கும் தொட்டிகளில் அதே நோக்கத்தோடு நைட்ரஜனை நிரப்புகிறார்கள். இரண்டையும் மந்த வாயு என்று சொல்வது சரிதான், அந்த வேலையில் இரண்டும் வினைபுரியாமல் இருக்கின்றன. ஆனால் நைட்ரஜன் 15ஆம் தொகுதி. மக்னீசியத்தை எரித்தால் அதோடு சேர்ந்து நைட்ரைடு ஆகிவிடும். ஆக, "மந்த வாயு" என்பது ஒரு வாயு செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர். தனிம அட்டவணையின் கடைசி நெடுவரிசைக்கு வேறொரு பெயர் வேண்டும்.

அந்த நெடுவரிசை மந்தமானதே இல்லை என்பது 1962லேயே தெரிந்துவிட்டது. கனடாவின் வான்கூவரில் வேதியியலர் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்ஸாபுளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், மோலுக்குச் சுமார் 1175 கிலோஜூல். செனானுக்கு 1170. அப்படியானால் செனானிடமிருந்தும் பிடுங்க முடியுமே! மார்ச் 23 அன்று, அந்தச் சேர்மத்தின் கருஞ்சிவப்பு ஆவிக்கும் நிறமற்ற செனானுக்கும் நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பை உடைத்தார். அறை வெப்பநிலையிலேயே, உடனடியாக, மஞ்சள்-ஆரஞ்சு நிறத்தில் ஒரு திண்மம் படிந்தது. "இவை எதனோடும் சேராது" என்ற பாடம் அத்தோடு முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் (Argonne; வாயுவின் பெயரல்ல, இடப்பெயர்) செனானையும் புளூரினையும் நிக்கல் கலத்தில் 400 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிச் செனான் டெட்ராபுளூரைடு படிகங்களை எடுத்தார்கள். செனான் டைபுளூரைடு இன்று சிலிக்கானை அரித்து நுண்கருவிகள் செய்யப் பயன்படுகிறது.

செனானுக்கு நடந்தது ஹீலியத்துக்கு ஏன் நடக்கவில்லை என்பதற்கான பதில் அவற்றின் கொதிநிலையிலேயே இருக்கிறது. ஹீலியத்தின் கொதிநிலை −269 டிகிரி, செனானுடையது −108. கீழே போகப் போக அணு பெரிதாகிறது, எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளிகிறது, அதனால் அணுக்களுக்கு இடையே ஈர்ப்பு கூடிக் கொதிநிலை ஏறுகிறது. வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் கருவை விட்டுத் தள்ளி இருப்பதால் அவற்றைப் பறிப்பதும் எளிதாகிறது. ஹீலியத்திடமிருந்து பறிக்க 2372 கிலோஜூல் வேண்டும், செனானுக்கு ஆவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இயற்பியல் பண்பும் வேதிப் பண்பும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. நாம் வைக்கும் பெயர் இந்தப் படிப்படியான மாற்றத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். "மந்த" என்ற அடை கொடுப்பதில்லை.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். "அரிய வாயு" ஒத்துவராது. காற்றில் ஆர்கான் 0.93 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடை விடப் பல மடங்கு அதிகம். "அருவாயு" என்று சுருக்கினால் உருவமற்றது என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொள்ளும். noble என்பதை அப்படியே பெயர்த்த "உயர்குடி வாயு" வேண்டவே வேண்டாம். 1898இல் ஹ்யூகோ எர்ட்மன் ஜெர்மனில் பெயர் வைத்தபோது தங்கம் போன்ற எளிதில் வினைபுரியாத உலோகங்களை ஒட்டி வைத்தார். அந்த ஒப்புமையைத் தமிழில் குடிப்பிறப்பாக மாற்றிப் பிள்ளைகளின் பாடத்தில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. இலங்கையில் வழங்கும் "விழுமிய வாயு" அழகான சொல், சிறப்பு என்ற பொருளும் சரி. ஏன் சிறப்பு என்பதைத்தான் அது சொல்லவில்லை. "நிறைவாயு" என் மனத்துக்கு நெருங்கி வந்தது. ஆனால் இயற்பியல் பாடத்தில் நிறை என்றால் வேறு பொருள். ஹைட்ரஜனுக்கு அடுத்து மிக லேசான ஹீலியத்தை அப்படி அழைத்தால் மாணவர் குழம்பிப்போவார்.

என் பரிந்துரை "தன்னிறைவு வாயு". வெளிக்கூடு நிரம்பியிருக்கிறது, ஹீலியத்தில் இரண்டு, மற்றவற்றில் எட்டு. இன்னோர் எலக்ட்ரானைத் தேடிப் போகும் தேவை இல்லை. உணவில் தன்னிறைவு பெற்ற நாடும் வாணிகம் செய்யும் அல்லவா? அதுபோல, செனான் புளூரினோடு சேர்வதற்கு இந்தப் பெயர் முரணாக நிற்காது. சொல்லும் செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் தெரிந்ததே.

gas என்பதற்கு வாயுவா வளிமமா என்ற கேள்வியைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். எது முடிவானாலும் "தன்னிறைவு" முன்னால் நிற்கும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு "மந்த வாயு" அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று முடிவாக வேண்டும். 118ஆம் தனிமமான ஓகனேசானும் இதே தொகுதிதான். இதுவரை உண்டாக்கியது விரல்விட்டு எண்ணும் அளவு அணுக்கள். அறை வெப்பநிலையில் அது திண்மமாக இருக்கலாம் என்பது கணிப்பு. அதனால் கலைச்சொல் பதிவில் "ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகிய ஆறும்" என்று வரையறுத்து, ஓகனேசானைத் தனிக் குறிப்பாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். வேதியியல் கற்பிப்பவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.