எஸ்4 13பி எஞ்சினுக்கு எஃப்டி ஹவுசிங், 12ஏ பிளேட், ரெனிசிஸ் ரோட்டர்: எது சேரும்?

ஹட்டன்_ரோட்டரி:
அண்ணாமாருக்கு வணக்கம். வண்டி 1987 மஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்சி மாடலின் முதல் வரிசை (எஸ்4). பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்: டர்போ இல்லாத ஆறு இன்டேக் போர்ட் 13பி, மேனுவல் கியர். எஞ்சின் பிரித்து மேசையில் கிடக்கு. முன் ரோட்டர் ஹவுசிங்கில் (ரோட்டர் சுழலும் கூடு) பிளக் துளைக்குப் பக்கத்தில் குரோம் உரிந்திருக்கு. ரெண்டு கூட்டுக்கும் இடையிலுள்ள நடு பிளேட்டில் தண்ணி சீல் காடியின் மெல்லிய சுவர் துருப்பிடித்து உடைந்துபோச்சு. ரோட்டர் ரெண்டும் நல்லாயிருக்கு.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைப்பது மூன்று: 13பியை விடச் சின்ன பழைய ரோட்டரி எஞ்சினான 12ஏயின் பிளேட்டுகள், எஃப்டியின் (எஃப்சிக்கு அடுத்த ஆர்எக்ஸ்-7) டர்போ எஞ்சின் 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டர் ஹவுசிங் ரெண்டும் ரோட்டர் ரெண்டும், ஆர்எக்ஸ்-8இன் முழு ரெனிசிஸ் எஞ்சின். எதை எடுத்தால் பிரச்சினை இல்லாமல் கட்டலாம்? நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஓட்டத்தான் கட்டுறேன். லேத்காரர் ஹவுசிங்கை போர் பண்ணித் தரலாம் என்கிறார், அதுவும் சரிவருமா?

பதுளை_13பி:
தம்பி, முதலில் லேத்துக்குப் போகாதீங்க. இதில் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் கதை இல்லை. ஹவுசிங்கின் உள்ளே வட்டமில்லாத அந்த வளைவு ஷாஃப்டின் 15 மி.மீ. எக்சென்ட்ரிக்குக்கும் (மையவிலகல்) ரோட்டர் நுனிக்கும் கணக்குப் பண்ணி வந்தது. உள்ளே கடைந்தால் ரோட்டர் நுனியிலுள்ள ஏபெக்ஸ் சீல் எட்டாது, குரோமும் போய்விடும். உரிந்த ஹவுசிங்கை மாற்றத்தான் வேணும்.

12ஏ பிளேட்டைத் தொடவே வேணாம். 1985 வரை தண்ணி சீல் காடி ரோட்டர் ஹவுசிங்கில் இருந்தது. 1986இலிருந்து அதைப் பக்கப் பிளேட்டுக்கு மாற்றினாங்க. உங்க எஸ்4 ஹவுசிங் மொட்டை முகம், 12ஏ பிளேட்டும் மொட்டை முகம். ரெண்டையும் சேர்த்து இறுக்கினால் சீல் உட்கார இடமே இருக்காது, ஸ்டார்ட் பண்ணும் முன்னமே தண்ணி சேம்பருக்குள் நிற்கும். 12ஏ ஹவுசிங்கும் உதவாது, அதன் அகலம் 70 மி.மீ., 13பி 80 மி.மீ.

நடு பிளேட்டுக்கு டர்போ இல்லாத எஃப்சியின் ஆறு போர்ட் பிளேட்டையே தேடுங்க. இன்டேக் மனிஃபோல்ட் மூன்று பிளேட்டிலும் ஒன்றாக உட்காரணும். எஃப்டி நடு பிளேட் போட்டால் அங்கேயே இடிக்கும். வாங்கும்போது உங்க மனிஃபோல்ட் கேஸ்கட்டைக் கையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்க. பிறகு பிளேட் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து பீலர் கேஜ் விடுங்க: வளைவு 0.04 மி.மீ. தாண்டினாலோ, சைட் சீல் (ரோட்டர் பக்கத்திலுள்ள சீல்) தேய்த்த படி 0.10 மி.மீ. தாண்டினாலோ விட்டுவிடுங்க. காடிச் சுவரை நகத்தால் சுரண்டிப் பாருங்க. இந்தப் பக்கம் பாதி வண்டிகள் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணியில்தான் ஓடுது, துரு அங்கேதான் தொடங்கும்.

ரதல்ல_பெட்டி:
எஃப்டி ஹவுசிங் தாராளமாகப் போடலாம். அதே 80 மி.மீ., அதே மொட்டை முகம், தண்ணி சீலும் உங்க பிளேட் காடியில்தான் இருக்கும். ஒரு வித்தியாசம்: உங்க பழைய ஹவுசிங்கின் எக்ஸாஸ்ட் துளைக்குள் பிரிப்பு வைத்த ஸ்லீவ் இருக்கும், எஃப்டியில் இல்லை. சத்தம் கூடும், வாயு தாராளமாகப் போகும். எக்ஸாஸ்ட் கேஸ்கட்டையும் முன்கூட்டியே பொருத்திப் பாருங்க.

அகலத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் மைக்ரோமீட்டரால் அளங்க. ஒரே ஹவுசிங்கில் வித்தியாசம் 0.06 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஹவுசிங் அகலத்தில் ரோட்டர் அகலத்தைக் கழித்தால் 0.12இலிருந்து 0.21 வரை வரணும், 0.10க்குக் கீழே போனால் சூட்டில் ரோட்டர் பிளேட்டை உரசும்.

ஆனால் எஃப்டி ரோட்டரை வாங்காதீங்க. ஆட்கள் ஏமாறுவதே இதில்தான். ரோட்டர் உள்ளே சுலபமாகப் போகும், ஷாஃப்டும் சுழலும், மூடி இறுக்கிய பிறகுதான் அதிர்வு தெரியும். எஃப்டி ரோட்டர் எஸ்4ஐ விட எடை குறைவு. அதற்கு எஃப்டியின் முன் கவுண்டர்வெயிட்டும் பின் கவுண்டர்வெயிட்டும் (அதிர்வைச் சமன்செய்யும் எடைகள்) வேணும். மேனுவல் வண்டியில் பின் எடை ஃப்ளைவீலிலேயே சேர்ந்திருக்கு. எஃப்டி ஃப்ளைவீல் எடுத்தால் அது இழுக்கும் வகைக் கிளட்சுக்கானது, உங்களுடையது தள்ளும் வகை. அப்போ எஃப்டி ஆட்டோவின் தனிக் கவுண்டர்வெயிட் வாங்கி, அதில் எஃப்சி கிளட்ச் ஏறும் லைட் ஃப்ளைவீல் வைக்கணும். இவ்வளவும் செய்து கம்ப்ரஷன் 9.4இலிருந்து 9.0க்கு இறங்கும். காசு கொடுத்து பவரைக் குறைப்பது எதற்கு?

எஃப்டி முன் கவரும் வேணாம், அதில் உங்க கிராங்க் ஆங்கிள் சென்சருக்கு இடமில்லை. உங்க எஸ்4 கவரே சீலுக்கு ஆயில் ஊட்டும் மெக்கானிக்கல் ஆயில் மீட்டரிங் பம்ப்போடு இருக்கட்டும். எஃப்டி எஞ்சினிலிருந்து எடுக்கத்தக்கது பின்பக்க ஆயில் பிரஷர் ரெகுலேட்டர்: எஃப்சியுடையது 71 பிஎஸ்ஐ, எஃப்டியுடையது 110.

ஹட்டன்_ரோட்டரி:
நன்றி அண்ணா, ஹவுசிங் மட்டும் எடுக்கிறேன். ரெனிசிஸ் ரோட்டர் 10.0 கம்ப்ரஷன் என்கிறாங்களே, அதைப் போட்டால்?

பதுளை_13பி:
ஆசைப்படலாம், செலவைப் பார்த்தால் ஆசை போயிரும். ரெனிசிஸ் ஏபெக்ஸ் சீல் 2 மி.மீ. கனமென்றாலும் உயரம் குறைவு. உங்க சீல் புதிதில் 8.0 மி.மீ., அந்தக் காடிக்குள் முழுசாக இறங்காது. சைட் சீலும் ஆப்பு வடிவம். எக்ஸாஸ்ட் பக்கப் பிளேட்டில் இருப்பதால் அதன் ரோட்டர் ஹவுசிங்கில் எக்ஸாஸ்ட் துளையே கிடையாது, ஆக ஹவுசிங்கும் பிளேட்டும் உங்களுக்கு ஆகாது. கவுண்டர்வெயிட் கதை இதிலும் உண்டு. முழு எஞ்சினாக வைத்தால் வைக்கலாம், துண்டு துண்டாக வேணாம்.

கட்டும்போது சைட் சீலின் ஒரு நுனியை மட்டும் அரம் போட்டு, ரோட்டர் மூலையிலுள்ள கார்னர் சீலோடு இடைவெளி 0.05–0.15 மி.மீ. வரவையுங்க. எந்தச் சீல் எந்த முகத்துக்கு என்று தட்டில் எழுதி வையுங்க, கலந்தால் முழுதும் திரும்ப அளக்கணும். ஏபெக்ஸ் சீல் 6.5 மி.மீ.க்குக் கீழே போனால் வீசிவிடுங்க. தண்ணி சீலை வாசலின் தடவிக் காடியில் ஒட்டவையுங்க. முன் போல்ட்டை இறுக்கும்வரை ஷாஃப்டைப் பின்னுக்குத் தள்ளவிடாதீங்க. ஊசி த்ரஸ்ட் பேரிங் தன் இடத்திலிருந்து நழுவி ஸ்பேசருக்கடியில் நசுங்கும். எண்ட் பிளே (ஷாஃப்டின் முன்பின் ஆட்டம்) 0.04–0.07 மி.மீ. வரணும், 0.09 தாண்டினால் ஸ்பேசரை மாற்றுங்க.

நுவரெலியா_கம்ப்ரஷன்:
ஒன்று விட்டுப்போச்சு. முதல் சூட்டுக்குப் பிறகு கம்ப்ரஷன் பார்க்கும்போது பயந்துராதீங்க. நுவரெலியா 1868 மீட்டர், காற்றழுத்தம் கடல்மட்டத்தின் கிட்டத்தட்ட 80 வீதம்தான். புத்தகம் 250 ஆர்பிஎம்மில் குறைந்தது சதுர செ.மீ.க்கு 6.0 கிலோ என்றால் இங்கே 4.8 காட்டினாலும் அதே எஞ்சின்தான். நல்ல எஞ்சினை இந்த வித்தியாசம் தெரியாமல் திரும்பப் பிரித்தவங்க உண்டு. ரோட்டரின் மூன்று முகத்தின் அளவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதைப் பாருங்க, அதற்கு உயரக் கணக்குத் தேவையில்லை. சாதாரண பிஸ்டன் கேஜ் என்றால் வால்வை அழுத்திப் பிடித்து ஊசி மூன்று தட்டும் சமமாகத் துள்ளுதா என்று பார்க்கலாம்.

ஓட விடும்போது 10 லீட்டர் பெட்ரோலுக்கு 80–100 மி.லீ. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துக்குங்க, பம்ப் இருந்தாலும். காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணி கராஜிலிருந்து பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைக்காதீங்க, பிளக் நனைந்து மறுபடி பிடிக்காது.