வளவு வீட்டில் இணையமில்லாப் பாடப்பெட்டி: எதில் தொடங்குவது?

கேள்வி: கண்டனூர் மாலைவகுப்பு

வணக்கம். கண்டனூர் பக்கம் பழைய வீடு ஒன்றின் முகப்பிலும், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவிலும் மாலை வகுப்பு நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை, ஒரே நேரத்தில் 25 பிள்ளைகள். உள்ளே போன் சிக்னல் ஒரு கோடுதான். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று, டேப்லெட் ஆறு, பிள்ளைகள் கொண்டுவரும் வீட்டுப் போன்கள், இவ்வளவுதான் கையிருப்பு. தமிழ் விக்கிப்பீடியா, கணக்கு, அறிவியல், கதைப் புத்தகம் எல்லாம் இணையம் இல்லாமல் அவர்கள் கைக்குப் போக வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வாங்கலாமா? எதையெல்லாம் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில் 1: செக்காலை வலைப்பின்னல்

பை இப்போது வேண்டாம். அதன் உள் வைஃபையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தாலே திணறும். அந்த லேப்டாப்பும் பழைய வீட்டு ரூட்டர் ஒன்றும் உங்களுக்குப் போதும்.

விக்கிப்பீடியாவை நெட் இல்லாமல் காட்டும் கிவிக்ஸ் மென்பொருளை லேப்டாப்பில் போடுங்கள். விக்கிப்பீடியா முழுவதும் ஜிம் (.zim) என்ற வகையில் ஒரே கோப்பாக வரும். தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. கோப்பின் பெயரில் மேக்ஸி என்றால் படத்தோடு, நோபிக் என்றால் படம் இல்லாமல், மினி என்றால் முன்னுரை மட்டும். அறிவியல் பாடத்துக்குப் படம் வேண்டும், மேக்ஸியே எடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியா படத்தோடு நூறு ஜிபியைத் தாண்டும், அதைத் தொட வேண்டாம். விக்சனரியையும் மறக்காதீர்கள். பிள்ளைகள் அதிகம் தட்டிப் பார்ப்பது அகராதியைத்தான்.

பிரவுசரில் இறக்கினால் பாதியில் அறுந்துபோகும், அந்தக் கோப்பு திறக்காது. டோரண்ட் (துண்டு துண்டாக இறக்கும் முறை) வழியாக இறக்குங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். பென்டிரைவ் எக்ஸ்ஃபாட் (exFAT) வடிவத்தில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. "கோப்பு மிகப் பெரியது" என்ற மாதிரி செய்தி வரும், டிரைவில் பாதி காலியாகவே இருக்கும்.

வீடியோவுக்கும் பயிற்சிக் கணக்குக்கும் கோலிப்ரி என்ற இணையமில்லாப் பாட மென்பொருள். நெட் உள்ள இடத்தில் சேனலை (பாடத்தொகுப்பை) இறக்கி, பென்டிரைவுக்கு ஏற்றுமதி செய்து, வகுப்பு லேப்டாப்பில் இறக்குமதி செய்யலாம். அது உண்டாக்கும் கோப்புறையை வேறொரு ஃபோல்டருக்குள் நகர்த்தினால் மறுபக்கம் கண்டுபிடிக்காது, பென்டிரைவின் மேல்மட்டத்திலேயே விடுங்கள். கோலிப்ரி 8080 என்ற போர்ட்டில் (லேப்டாப்பின் வாசல் எண் மாதிரி) ஓடும். கிவிக்ஸ் சர்வருக்கும் அதே எண்ணைக் கொடுத்தால் இரண்டில் ஒன்று எழும்பாது. கிவிக்ஸுக்கு 8090 கொடுங்கள்.

லேப்டாப்பை ரூட்டரின் லேன் (LAN) ஓட்டையில் கேபிளால் இணையுங்கள், வேன் (WAN) ஓட்டையில் செருகினால் எதுவும் தெரியாது. ரூட்டர் அமைப்பில் லேப்டாப்புக்கு நிலையான முகவரி ஒதுக்கி, அதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூடியை மூடினால் தூங்காதபடி லேப்டாப்பிலும் மாற்றி வையுங்கள்.

இனி நம்மூர் வீட்டுச் சங்கதி. கனத்த செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு சுவர் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை செத்துவிடும். 2.4 மட்டும் வையுங்கள். ரூட்டரை அறைக்குள் அலமாரியில் வைக்காமல், வளவுத் தூணில் ஆள் உயரத்துக்கு மேலே, மழைச் சாரல் படாத பக்கமாகக் கட்டுங்கள். திறந்த வானம் நடுவில் இருப்பதால் பட்டாலையிலும் முகப்பிலும் நன்றாகக் கிடைக்கும். முகப்புக் கதவைச் சாத்தினால் சிக்னல் குறையும், திறந்தே இருக்கட்டும்.

பதில் 2: பள்ளத்தூர் வாசகி

உரிமம் பற்றி. இலவசமாகக் கிடைப்பதும் நகலெடுக்க அனுமதி உள்ளதும் ஒன்றல்ல. விக்கிப்பீடியா உரை கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமத்தில் இருக்கிறது, மூலத்தைச் சொல்லி யாருக்கும் கொடுக்கலாம். கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தின் பாடங்களை வணிகமில்லாமல் கொடுக்கலாம். யூடியூபில் கிடைத்ததையெல்லாம் இறக்கி ஏற்றாதீர்கள். அந்த வீடியோவின் கீழே கிரியேட்டிவ் காமன்ஸ் என்று இருந்தால் மட்டுமே சரி.

கதைப் புத்தகத்துக்கு விக்கிமூலம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற இரண்டு மின்னூல் தளங்களும் போதும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களைத் தயங்காமல் கொடுக்கலாம். மற்ற நூலுக்கு, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பழைய மூலமாக இருந்தாலும் இப்போது எழுதிய உரைக்குத் தனி உரிமை உண்டு. திருக்குறள் பொது, நேற்று எழுதிய உரை அப்படியில்லை.

பேரேடு மாதிரி ஒரு நோட்டு வையுங்கள்: கோப்பின் பெயர், எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம், எந்தத் தேதி. ஆறு மாதம் கழித்து எதைப் புதுப்பிப்பது என்று அந்த நோட்டுதான் சொல்லும். கோட்டையூரில் ரோஜா முத்தையா வீட்டில் சேர்ந்த புத்தகங்கள்தான் பிறகு சென்னையில் ஆய்வு நூலகமாயின. சேர்ப்பவர் ஒழுங்காக எழுதி வைத்தால், அடுத்தவர் தேடி எடுக்க முடியும்.

கண்டனூர் மாலைவகுப்பு

மிக்க நன்றி. முயன்று பார்த்தேன். டேப்லெட்டில் திறக்கிறது. போன்களில் வைஃபை சேர்கிறது, பக்கம் மட்டும் வரவில்லை. மின்சாரம் போனால் என்ன செய்வது?

பதில் 3: தேவகோட்டைக்காரன்

போன் பிரச்சினை எளிது. வைஃபையில் நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்கு ஓடிவிடும். டேட்டாவை அணையுங்கள், "நெட் இல்லாமலே இணைந்திருக்கவா?" என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி (http://) என்று முழுசாக அடிக்க வேண்டும். பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ் போட்டுக்கொண்டால் திறக்காது. டேப்லெட், போன் எதிலுமே வராமல் போனால் லேப்டாப்பின் பாதுகாப்புத் தடுப்பான விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள், அந்த நெட்வொர்க்கைப் பிரைவேட் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே துணை, நின்றுபோவது ரூட்டர். 12 வோல்ட் ரூட்டர் என்றால் அதற்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் வாங்குங்கள். பவர் அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் பை வாங்கினால் மூன்று விஷயம். எஸ்டி கார்டில் போலி நிறைய, புதுக் கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) என்ற சோதனை மென்பொருளால் முழுக்க எழுதிச் சோதித்த பிறகே கோப்பு ஏற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும், ஆகவே அதே அளவில் நகல் கார்டு ஒன்று தயாராக இருக்கட்டும். பை 4இல் கடிகார பேட்டரி கிடையாது. நெட் இல்லாத ஊரில் ஒவ்வொரு முறையும் பழைய தேதியிலேயே எழும், கோலிப்ரியில் பிள்ளைகளின் பயிற்சிப் பதிவு முழுவதும் தப்பான நாளில் விழும். டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றைச் செருகினால் தீரும்.

செக்காலை வலைப்பின்னல்

ஒன்று விட்டுப்போச்சு. வீட்டுக்குக் கொண்டுபோகும் போன்களில் பிளே ஸ்டோர் கிவிக்ஸைப் போட்டால், நீங்கள் காப்பி செய்த ஜிம் கோப்பு பட்டியலில் தானாக வராது, கோப்பைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். கிவிக்ஸ் தளத்தில் கிடைக்கும் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை. அந்த ஆப் கோப்பையும் பென்டிரைவிலேயே சேர்த்து வையுங்கள்.